300 எம்பிபிஎஸ் போட்டும் மாடி அறையில் நெட் திணறுவது ஏன்?

ராஜபாளையத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்:

“அண்ணா, எங்கள் வீடு கீழ்த்தளமும் ஒரு மாடியும். ரூட்டர் கீழே ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. நான் மாடி அறையில் உட்கார்ந்து சென்னை கம்பெனி வேலையைப் பார்க்கிறேன். மீட்டிங் நடுவில் படம் அப்படியே நின்றுவிடுகிறது என்று 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300க்கு மாற்றினோம். மாதம் 700 ரூபாய் கூடியதுதான் மிச்சம். மாடியில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் முன்பு வந்த அதே 28தான் வருகிறது. கம்பெனி ஏமாற்றுகிறதா? தம்பி விளையாடும் கேமிலும் பிங் குறையவில்லை. பக்கத்துத் தெரு கேபிள்காரர் 499க்குத் தருகிறேன் என்கிறார், மாறலாமா? அன்லிமிடெட் என்று சொல்லிவிட்டு 3.3 டிபி என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அது என்ன?”

ஃபைபர் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. அதனால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். 100 திட்டத்திலும் 28, 300 திட்டத்திலும் 28 என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. வெளியிலிருந்து வருவது மூன்று மடங்கு ஆகியும் மாடியில் துளிகூட ஏறவில்லை என்றால், அடைப்பு வெளியே இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. டிவி ஸ்டாண்டிலிருந்து உங்கள் மேஜை வரைக்குமான அந்தப் பத்துப் பன்னிரண்டு மீட்டரில்தான் வேகம் தொலைகிறது. அதைச் சரிசெய்யாமல் 1000 எம்பிபிஎஸ் போட்டாலும் மாடியில் இதே கதைதான்.

ஒரு சின்ன விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் வாடிக்கையாளருக்கும் லைன்மேனுக்கும் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான். திட்டத்தில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகா பிட். நீங்கள் ஒரு ஃபைலை டவுன்லோட் செய்யும்போது கம்ப்யூட்டர் காட்டுவது நொடிக்கு எத்தனை மெகா பைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் டவுன்லோட் 12.5 எம்பி வேகத்தில் ஓடினால் அது முழு வேகம். 300க்கு 37.5 எம்பி. “நூறுக்குப் பணம் கட்டினேன், பன்னிரண்டுதான் வருகிறது” என்று கொதித்துப்போய் போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த எண்ணை எந்தத் திரையில் பார்த்தீர்கள் என்றுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். யாரையும் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய், ஒரு லேன் கேபிளை ரூட்டரிலும் லேப்டாப்பிலும் செருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் வீடியோ பார்க்க வேண்டாம். காலை 6 மணி சுமாருக்கு ஒரு முறை, இரவு 9 மணி சுமாருக்கு ஒரு முறை ஸ்பீடு டெஸ்ட் போட்டு இரண்டையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சில டெஸ்டுகள் உங்கள் கம்பெனியின் வலைக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அப்போது எண் அழகாக வரும், ஆனால் வெளியுலகத்துக்குப் போகும் பாதை எப்படி என்று தெரியாது. சர்வரை மாற்றி, வேறு கம்பெனி பெயரில் சென்னையிலோ மும்பையிலோ இருப்பதை வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

இரண்டு வேளையும் 280, 290 என்று வந்தால் கம்பெனி தன் பங்கைச் செய்துவிட்டது. காலையில் 290, இரவில் 60 என்றால் அவர்கள் பக்கம் நெரிசல். ஜிபான் என்கிற முறையில்தான் பெரும்பாலான வீட்டு ஃபைபர் ஓடுகிறது. அதில் ஆபரேட்டர் ஆபீஸில் இருக்கும் கருவியின் ஒரு போர்ட்டிலிருந்து இறங்கும் வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறும் வேகம் சுமார் 1.25. அந்த ஒரு போர்ட்டை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுப்பார்கள். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் இந்தக் கணக்கு பொதுவாக ஓடிவிடும். ஆபரேட்டர் மேலே இருந்து வாங்கும் மொத்த பேண்ட்வித்தைக் கஞ்சத்தனமாக வாங்கியிருந்தால்தான் இரவில் எல்லாருக்கும் சேர்ந்து மூச்சு முட்டும். அப்படி வந்தால் அந்த இரண்டு படங்களும்தான் உங்கள் ஆதாரம்.

இன்னொரு முடிவும் வரலாம். எப்போது போட்டாலும் 94 அல்லது 95ல் போய்க் கச்சிதமாக நிற்கும். 300 திட்டத்தில் இந்த எண்ணைப் பார்த்தால் எனக்குக் கேபிளைப் பார்க்காமலே விஷயம் புரிந்துவிடும். லேன் கேபிளின் முனையில் இருக்கிற அந்தக் கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பி வரிசையாகத் தெரிய வேண்டும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் மட்டும் பிளக்கில் அழுத்திப் பொருத்திவிட்டு மிச்ச நான்கை வெட்டிவிட்டுப் போயிருந்தால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், ஏனென்றால் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஓட எட்டும் வேண்டும். எட்டும் சரியாக இருந்து, அப்போதும் 95 என்றால் பெரும்பாலும் ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருக்கும். ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றித் தரும் மலிவான ஓஎன்யூ பெட்டிகளில் இது சகஜம். 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள பெட்டியை மாட்டிவிட்டு 300 திட்டத்தை விற்பது சரியான வியாபாரம் இல்லை. பெட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

உங்கள் வீட்டில் கீழே கேபிளில் 290க்குப் பக்கத்தில் வரும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் பிரச்சினை வைஃபைதான்.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. உங்கள் தெருவில் இருபது வீட்டு ரூட்டரும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் அது சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். நம் ஊர் வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதற்கு மேலே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். ரூட்டரோ டிவி ஸ்டாண்டுக்குள், டிவிக்குப் பின்னால். கீழ் ஹாலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை மாடி அறைக்குப் போகிற அலை தளத்தைச் சாய்வாகக் கடக்கிறது, அதாவது நேர்மேலே போவதைவிட அதிகக் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டியிருக்கிறது. வழியில் ஒரு இரும்பு பீரோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் லேப்டாப் மாடியில் எந்த அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வைஃபை அமைப்பில் அந்த இணைப்பின் விவரத்தைத் திறந்தால் பார்க்கலாம். லிங்க் ஸ்பீடு என்று ஒரு எண் இருக்கும். அது 72 அல்லது 144 என்று காட்டினால் 2.4ல் இருக்கிறீர்கள். 433 அல்லது 866 என்றால் 5ல். இந்த எண் அப்படியே கைக்குக் கிடைக்காது. நல்ல நிலைமையில் பாதியோ பாதிக்குக் கொஞ்சம் மேலேயோ கிடைக்கும். 72 காட்டும் போனில் 40ஐத் தாண்டினாலே பெரிய விஷயம். மாடியில் நீங்கள் பார்க்கும் 28, நெரிசலான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய இயல்பான எண். வீட்டில் பழைய போன் அல்லது மலிவான ஸ்மார்ட் டிவி இருந்தால் அதில் 5 கிகாஹெர்ட்ஸே இல்லாமல் போகலாம். அந்தக் கருவிக்கு 300 எம்பிபிஎஸ் திட்டத்தால் எந்தப் பயனும் இல்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியது ரூட்டரை ஸ்டாண்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, தலை உயரத்துக்கு ஏற்றி, மாடிப்படி திறப்பு இருக்கும் பக்கமாக வைப்பது. படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை கான்கிரீட்டைத் தொடாமல் மேலே ஏறும். பெட்டியை நகர்த்த ஃபைபர் நீளம் போதாது என்றால், லைன்மேனிடம் நீளமான பேட்ச் கார்டு, அதாவது இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள ஃபைபர் துண்டு, கேளுங்கள். நீங்களாக இழுக்க வேண்டாம்.

பலர் உடனே ஓடிப்போய் வாங்குவது பிளக்கில் செருகும் ரிப்பீட்டர். உங்கள் தேவைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், கிடைத்த வேகத்தைப் பாதியாக்கும். சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், மீட்டிங் மட்டும் முன்பு போலவே தடுமாறும். இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் செட் நன்றாக இருக்கும், ஆனால் விலை அதிகம். அதிலும் இரண்டு பெட்டிக்கும் நடுவே அதே கான்கிரீட் தளம்தான் நிற்கும்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு நான் மனதாரச் சொல்வது ஒன்றுதான்: கீழேயிருந்து மாடி அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேட் 6 கேபிள், முழுச் செம்பு. அலுமினியத்தில் செம்பு பூசிய கேபிளும் கடையில் அதே கலரில் கிடைக்கும், விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். 100 மீட்டர் வரை லேன் கேபிளில் வேகம் குறையாது, உங்களுக்கு 20 மீட்டர் போதும். அதன் மாடி முனையில் ஒரு சாதாரண இரண்டு பேண்டு ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் வேலையில், போட்டு, கீழே இருக்கும் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கும் அப்படியே கொடுத்துவிட்டால் போன் தானாக மாறிக்கொள்ளும். வேலை பார்க்கும் லேப்டாப்பை வைஃபையில்கூட விடாதீர்கள், அந்த ரூட்டரிலிருந்து நேராகக் கேபிளில் மாட்டுங்கள். மொத்தச் செலவு, நீங்கள் இப்போது கூடுதலாகக் கட்டும் 700 ரூபாயில் நான்கைந்து மாதத் தொகைக்குள் முடிந்துவிடும். கேபிளைப் படிக்கட்டு ஓரமாக வீட்டுக்குள்ளேயே பைப்பில் கொண்டுபோங்கள். மொட்டை மாடி வழியாக வெளியே இழுத்த செம்புக் கேபிள், ஐப்பசி இடி மின்னலில் இரண்டு முனையிலும் போர்ட்டைக் காவு வாங்கும்.

ஃபைபர் பக்கத்திலும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் மழைக்காலத்தில் அடிக்கடி கட் ஆகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் முடியும். உங்கள் பெட்டியில் பான் (PON) என்று ஒரு விளக்கு பச்சையாக, அசையாமல் எரிய வேண்டும். லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதால் பெரும்பாலும் பயனில்லை, லைன்மேன்தான் வர வேண்டும். அவர் வரும்போது பவர் மீட்டர் வைத்து ஒளியின் அளவைப் பார்ப்பார். அந்த எண்ணை நீங்களும் கேட்டுக் குறித்து வையுங்கள். ஒளியை அளக்கும் அலகு டிபிஎம், மைனஸ் 18லிருந்து மைனஸ் 24 டிபிஎம்முக்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்பது விளிம்பு, அதற்குக் கீழே, அதாவது மைனஸ் 28, 29 என்று போனால் பகலில் வந்து ராத்திரியில் போகும், வெயிலில் வந்து மழையில் போகும்.

ஒளி குறைவதற்குத் தூரம் பெரிய காரணம் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்கூடப் போகாது. ஆனால் கதவிடுக்கில் நசுங்கிய ஒரு மடிப்போ, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் நறுக்கென்று திரும்பிய ஒரு வளைவோ பல கிலோமீட்டருக்கான ஒளியைத் தின்றுவிடும். அதேபோல கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள். பச்சைத் தலையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத் தலையின் முனை நேரானது. கையில் பச்சை இல்லை என்று நீலத்தைக் கொண்டுபோய்ப் பச்சைச் சாக்கெட்டில் அழுத்திவிட்டுப் போனால், இரண்டு முனையும் முழுதாக ஒட்டாமல் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். விளக்கு பச்சையாக எரியும், வாடிக்கையாளர் கையெழுத்தும் போட்டுவிடுவார், இரண்டு வாரத்தில் புகார் ஆரம்பிக்கும். ஒன்று மட்டும் கட்டாயம்: கழற்றிய ஃபைபர் முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதைச் சொல்லியே வையுங்கள்.

அடுத்து, உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்வது, முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. வீடியோ மீட்டிங்கில் நல்ல தெளிவுக்கு ஏறவும் இறங்கவும் சுமார் 4 போதும். ஆன்லைன் கேமுக்கு 1கூட ஆகாது. அம்மா கீழே 4கே டிவியில் படம், அப்பா போனில் யூடியூப், நீங்கள் மீட்டிங்கில், தம்பி கேமில் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 30ஐத் தாண்டுவது கஷ்டம். 100 எம்பிபிஎஸ் உங்கள் குடும்பத்துக்குத் தாராளம். தம்பி 100 ஜிபி கேம் ஒன்றை இறக்கும்போது மட்டும் வித்தியாசம் தெரியும். 100ல் இரண்டே கால் மணி நேரம், 300ல் முக்கால் மணி நேரம். மாதத்துக்கு ஒரு கேம் இறக்குவதற்காக வருடம் 8,400 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். நான் கொடுக்க மாட்டேன்.

அப்லோடு வேகத்தை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஃபைபர் திட்டத்தில் இறங்கும் வேகமும் ஏறும் வேகமும் ஒன்று. சில திட்டங்களில், குறிப்பாக ஆன்டெனா வைத்து 5ஜியில் தரும் ஏர்ஃபைபரில், ஏறும் வேகம் மிகக் குறைவாக இருக்கும். உங்கள் முகம் மீட்டிங்கில் மற்றவர்களுக்கு உடைந்து தெரிகிறது, அவர்கள் முகம் உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது என்றால் அது அப்லோடு கோளாறு. வாசலில் சிசிடிவி போட்டு மொபைலில் பார்ப்பவர்களும் ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் அப்லோடு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

தம்பியின் பிங் விஷயம். பிங் என்பது ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். வேகத் திட்டத்தைக் கூட்டினால் குழாய்தான் அகலமாகும், தூரம் குறையாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிசெகண்ட், வர 16, ஆக 32. ராஜபாளையத்திலிருந்து சென்னைக்குப் போய் வரும் நேரமும், நடுவில் இருக்கும் ரூட்டர்கள் எடுக்கும் நேரமும் சேர்ந்தால் 45 வருவது மிக நல்ல பிங். இதை எந்தத் திட்டமும் 10 ஆக்க முடியாது. சர்வரை மும்பைக்கு மாற்ற முடிகிற கேம் என்றால் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் தம்பிக்கு 45 இருந்து திடீரென்று 200க்கு எகிறி மறுபடி இறங்குகிறது என்றால் அது தூரத்தின் வேலை இல்லை, வைஃபையின் வேலை. அவருக்கும் கேபிள்தான் மருந்து.

பணத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் 499 என்று இருந்தால் கையிலிருந்து போவது 589, ஏனென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கேபிள்காரர் சொல்லும் 499 வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதுதான் முதல் கேள்வி. ஜிஎஸ்டி பில் கொடுப்பாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், உங்கள் கம்பெனி இன்டர்நெட் செலவைத் திருப்பித் தருவதாக இருந்தால் அந்த பில் இல்லாமல் ஒரு ரூபாய் வாங்க முடியாது.

அடுத்தது ஆரம்பச் செலவு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் 599 சொல்கிறார், இன்ஸ்டலேஷன் இலவசம், பெட்டியும் அவருடையது. இன்னொருவர் 499 சொல்கிறார், ஆனால் இன்ஸ்டலேஷன் 1,000 அதற்கு மேல் வரி, பெட்டிக்கு வரியோடு 2,000. முதலாமவருக்கு வருடத்துக்கு 8,482 ரூபாய். இரண்டாமவருக்கு முதல் வருடம் 10,246. மாதம் 118 ரூபாய் மிச்சமாகிறது என்றாலும், ஆரம்பத்தில் போட்ட 3,180ஐ எடுக்க 27 மாதம் ஓட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் அதற்குள் வீடே மாறிவிடுவார். சொந்த வீடு என்பதால் உங்களுக்கு இரண்டாவது ஒத்துவரலாம், பெட்டியும் உங்கள் பெயரில் இருக்கும். பெட்டிக்குக் கொடுப்பது விலையா, திரும்பி வரும் டெபாசிட்டா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை இரண்டு வருடம் கழித்து யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஓடிடி சேர்த்துத் தரும் திட்டங்களை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. உங்கள் வீட்டில் பார்க்காத ஆப் எத்தனை இருந்தாலும் அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ஒரே ஒரு ஆப்தான் பார்க்கிறீர்கள் என்றால் அதன் தனிச் சந்தாவையும், ஓடிடி இல்லாத திட்டத்தின் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

3.3 டிபி என்பது நியாயப் பயன்பாட்டு வரம்பு, எஃப்யூபி என்பார்கள். 3,300 ஜிபி வரை முழு வேகம், அதைத் தாண்டினால் அந்த மாதம் முடியும்வரை வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். நெட் நிற்காது, ஊர்ந்து வரும். இதற்காகப் பயப்பட வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் எச்டி படம் மணிக்கு அதிகபட்சம் 3 ஜிபி, 4கே என்றால் 7 ஜிபி. 3,300ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 110 ஜிபி. தினம் பதினாறு மணி நேரம் 4கே ஓடவிட்டால்தான் தாண்டும். உங்களைப் போன்ற குடும்பம் 300, 400 ஜிபியில் நிற்கும். கவனிக்க வேண்டியது வரம்புக்குப் பிறகு என்ன வேகம் என்பதை. 2004ல் 256 கேபிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்ட் என்று வகுத்திருந்தார்கள். 2023 ஜனவரியில் அதைக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினார்கள். வரம்பு தாண்டிய பிறகும் 2 வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏர்ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் வரம்பு 1,000 ஜிபிதான். பெரிய கூட்டுக் குடும்பத்துக்கு அது இடிக்கலாம்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சமாளிக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 28 நாளுக்குத் தினம் 1.5 ஜிபி, விலை 299 என்று வைத்தால் மொத்தம் 42 ஜிபி, ஜிபிக்கு ஏழு ரூபாய். வீட்டு ஃபைபரில் 589 கட்டி 300 ஜிபி ஓட்டினால் ஜிபிக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. 28 நாள் என்பதால் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை ரீசார்ஜ் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள்காரரிடம் மாறலாமா? சிறிய ஆபரேட்டர் என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஃபைபர் அறுந்தால் பைக்கில் ஏறி ஒரு மணி நேரத்தில் வருகிறவர் பெரும்பாலும் அவர்தான். ஆனால் சில கேள்விகள் கேளுங்கள். ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருமா, அல்லது தெருக் கம்பத்தில் சுவிட்ச் வைத்து அங்கிருந்து லேன் கேபிள் இழுப்பாரா? ஜிபானில் நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. தெருவில் கரண்ட் போனாலும், அவர் ஆபீஸில் பேட்டரி இருந்து உங்கள் பெட்டிக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் இருந்தால் நெட் ஓடும். கம்பத்துச் சுவிட்ச் என்றால் தெருவில் கரண்ட் போனதும் நெட்டும் போகும். பவர் கட் நேரத்திலும் மீட்டிங்கில் இருக்க வேண்டிய உங்களுக்கு இது விலையைவிட முக்கியம். அவர் எந்த நிறுவனத்தின் லைசன்ஸில் ஓட்டுகிறார் என்றும் கேளுங்கள், பில்லில் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும். உங்கள் தெருவிலேயே அவரிடம் வாங்கியிருக்கும் ஒரு வீட்டுக்கு இரவு 9 மணிக்குப் போய் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்ப்பது, அவர் சொல்லும் எந்த வாக்குறுதியையும்விட நம்பகமானது.

மாறுவதாக முடிவெடுத்தாலும் புது இணைப்பு ஒரு மாதம் ஓடும்வரை பழையதைத் துண்டிக்காதீர்கள், ஆறு மாதத் தொகையை முன்கூட்டியே கட்டாதீர்கள். மாட்டிவிட்டுப் போகும் அன்றே லாகின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வாங்குங்கள், ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் நீங்களே மாற்றுங்கள். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கையிலிருந்து விடாதீர்கள், பெட்டிக்கான பணத்தைப் பில்லில் ஏற்றிவிடுவார்கள்.

கேபிளில் மாட்டிச் சோதித்தும் சொன்ன வேகம் வரவில்லை என்றால் கஸ்டமர் கேரில் புகார் பதிந்து, அந்தப் புகாருக்கான டாக்கெட் எண் வாங்குங்கள். வெறும் போன் பேச்சு கணக்கில் வராது, அந்த எண்தான் வரும். சரியாகத் தீர்க்கவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறது. நீங்கள் எடுத்து வைத்த காலை, இரவுப் படங்களையும் டாக்கெட் எண்ணையும் அதோடு இணையுங்கள். உங்கள் விஷயத்தில் அதுவரை போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன். இந்த வாரம் கேபிளை மாடிக்கு ஏற்றிவிட்டு, அடுத்த ரீசார்ஜில் 100 திட்டத்துக்கே இறங்குங்கள். இறங்கிய பிறகும் மீட்டிங்கில் படம் நின்றால், கீழே கேபிளில் வந்த எண், மாடியில் கேபிளில் வந்த எண், லைன்மேன் சொன்ன டிபிஎம் எண் மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.